நாலாம் கியர் விழவில்லையா? கியர் பொக்ஸை இறக்க முதல் இதைப் பாருங்கள்

என்னிடம் இருப்பது 1989ஆம் ஆண்டு டொயோட்டா சுப்ரா, ஓட்டோ கியர். போன தை மாதம் அதற்கு ஒரு வியாதி வந்தது. காலையில் நுவரெலியாவிலிருந்து நானுஓயாப் பக்கம் இறங்கினால் நாலாம் கியர் விழாது, எஞ்சின் கத்திக்கொண்டே போகும். அதே கார் கண்டிக்குப் போனால் நல்ல பிள்ளை மாதிரி ஓடும். கராஜில் காட்டினேன். பாஸ் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "பொக்ஸ் போயிட்டு தம்பி, இறக்கணும்" என்றார். நான் இறக்கவில்லை. பழுது என்னவென்று பிறகு சொல்கிறேன்.

இந்தக் காரில் இருப்பது ஏ340ஈ என்ற நாலு கியர் பொக்ஸ். அந்தக் காலத்து வேறு சில டொயோட்டாக்களிலும் இதுதான். எந்தக் கியர் என்று தீர்மானிப்பது கணினி. வேகத்தையும் அக்சிலேட்டரையும் பார்த்து இரண்டு சொலனொயிட் வால்வுகளை (மின்சாரத்தால் இயங்கும் ஒயில் வால்வுகள்) திறந்து மூடும். ஆனால் கியரை எவ்வளவு அழுத்தத்தோடு பிடிப்பது என்பதை எஞ்சினிலிருந்து வரும் ஒரு சாதாரணக் கம்பிக் கேபிள்தான் சொல்கிறது. ஆகவே பார்க்க வேண்டியவை கியர் பொக்ஸ் ஒயில், மின்சாரம், கேபிள், அதோடு எஞ்சின் சூடு. இவை நான்கும் சரியென்றால்தான் உள்ளே போக வேண்டும்.

முதலில், பழுது இல்லாத பழுதுகள்

ரம்பொடையிலிருந்து லபுக்கலைக்கு ஏறும்போது கியர் மூன்றுக்கும் நாலுக்கும் மாறி மாறித் தடுமாறினால் பயப்பட வேண்டாம். ஏற்றத்தில் நாலாம் கியருக்கு இழுவை போதாது, அவ்வளவுதான். கியர்த் தடியில் உள்ள ஓ.டி. (ஓவர்டிரைவ், அதாவது நாலாம் கியர்) பொத்தானை அழுத்தி மூன்றிலேயே ஏறுங்கள். அப்படிப் போட்ட பொத்தானை மறந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் "நாலாம் கியர் இல்லை" என்று போன் எடுத்தவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர். டாஷ்போர்டில் ஓ.டி. லைட் எரிந்துகொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எரிந்தால் நாலாம் கியர் நிறுத்தப்பட்டிருக்கிறது.

ஒயில்

கார் சமதரையில் நிற்க வேண்டும். நம் ஊரில் அதுவே ஒரு தேடல்தான். என் வீட்டு வாசலே சரிவு, அதனால் கிரகரி வாவிப் பக்கம் கொண்டுபோய்த்தான் பார்ப்பேன். அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்தபடி தடியை ஒவ்வொரு கியருக்கும் கொண்டுபோய்த் திரும்ப பார்க்கில் விடுங்கள். எஞ்சினை நிறுத்தாமல் கியர் பொக்ஸின் ஒயில் கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். சூடான ஒயில் கம்பியின் 'ஹொட்' அடையாளத்துக்குள் நிற்க வேண்டும்.

அளவைவிட முக்கியம் நிறமும் மணமும். ஒரு துளியை வெள்ளைக் கடதாசியில் விடுங்கள். சிவப்பாகப் பரவினால் நல்லது. சாயம் ஊறிய பிளேன்டீ நிறத்தில் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிளச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. பாலைக் கலந்த மாதிரி இளஞ்சிவப்பாக இருந்தால் காரை அதற்குமேல் ஓட்டாதீர்கள்: ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒயில் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்திருக்கிறது.

லைட் சொல்லும் கணக்கு

ஒரு எச்சரிக்கை: இதைப் பார்க்க முதல் பேட்டரியைக் கழற்றாதீர்கள். கழற்றினால் கணினி நினைவில் வைத்திருந்த பழுதெல்லாம் அழிந்துவிடும்.

போனட்டுக்குள் ஒரு சிறு கறுப்புப் பெட்டி, மூடியின் உட்புறத்தில் ஒவ்வொரு துளையின் பெயரும் அச்சடித்திருக்கும். டீஈ1 (TE1), ஈ1 (E1) என்ற இரண்டையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். பெயரை இரண்டு தரம் பார்த்துவிட்டு இணையுங்கள், துளை மாறினால் வேறு பிரச்சினை வரும். ஓ.டி. லைட் அணைந்திருக்கும் நிலையில் பொத்தானை விட்டு, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஒன் பண்ணுங்கள். லைட் நிற்காமல் ஒரே சீராக மின்னினால் பழுது பதிவாகவில்லை. ஆறு தரம் மின்னி, கொஞ்சம் நின்று, இரண்டு தரம் மின்னினால் அது பழுது எண் 62.

62, 63 இரண்டும் கியர் சொலனொயிட்கள். 64 லொக்-அப் சொலனொயிட் (எஞ்சினையும் பொக்ஸையும் நழுவாமல் நேரடியாகப் பூட்டுவது). 42, 61 வேக சென்சர்கள். 62 அல்லது 63 வந்தால் உடனே பொக்ஸைக் கழற்ற ஓட வேண்டாம். பொக்ஸின் பக்கவாட்டில் உள்ள வயர்ப் பிளக்கைக் கழற்றி, பச்சை பிடித்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா என்று பாருங்கள். மீட்டரால் அளந்தால் ஒவ்வொரு சொலனொயிட்டும் 11 முதல் 15 ஓம் காட்ட வேண்டும். எனக்கு எந்தப் பழுது எண்ணும் வரவில்லை. பொக்ஸை இறக்கச் சொன்ன பாஸ் இந்த லைட்டைப் பார்க்கவே இல்லை என்பது இன்னும் எனக்கு எரிச்சல்தான்.

கேபிள்

எஞ்சின் ஓடாத நிலையில் ஒருவர் உள்ளே இருந்து அக்சிலேட்டரைத் தரைவரை மிதிக்கட்டும். நீங்கள் போனட்டுக்குள் பாருங்கள். கேபிளில் நசுக்கி வைத்த சிறு குமிழுக்கும் உறையின் முனைக்கும் இடைவெளி 0 முதல் 1 மில்லிமீற்றர்தான் இருக்க வேண்டும். தளர்ந்திருந்தால் கியர் வழுக்கும். அதிகம் இறுகியிருந்தால் ஒவ்வொரு கியரும் முதுகில் குத்துகிற மாதிரி விழும். முந்தைய சொந்தக்காரர் 'ஸ்போர்ட்ஸ் பீலிங்' வேண்டுமென்று இறுக்கி வைத்திருப்பதும் உண்டு.

அதோடு இன்னொரு சோதனை. கை பிரேக் போட்டு, சில்லுக்குக் கல் வைத்து, கால் பிரேக்கையும் அழுத்திக்கொண்டு நியூட்ரலிலிருந்து டிரைவுக்குப் போடுங்கள். 'டொக்' என்று பிடிக்கும் நேரத்தைப் போனில் அளவுங்கள்: 1.2 செக்கனுக்குள் பிடிக்க வேண்டும். ரிவர்சுக்கு 1.5. கூடினால் அழுத்தம் குறைவு, இல்லையென்றால் கிளச் தேய்வு.

எஞ்சின் சூடு

என் காரின் வியாதி இங்கேதான் அகப்பட்டது. எஞ்சின் தண்ணீர் ஏறக்குறைய 50–60 பாகைக்கு வரும்வரை கணினி நாலாம் கியரைக் கொடுக்காது. அது எஞ்சினைக் காப்பாற்றச் செய்யும் வேலை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். தை மாதக் காலையில் புல்லில் உறைபனி கிடக்கும். இறக்கத்தில் எஞ்சினுக்குச் சுமையும் இல்லை. ஆனாலும் ஐந்தாறு மைல் போன பிறகும் சூட்டு முள் அசையாமல் கிடந்தது எனக்கு உறுத்தியது.

மறுநாள் காலை எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிவிட்டு ரேடியேட்டரின் மேல் ஹோசில் கையை வைத்துப் பார்த்தேன். தேர்மோஸ்டாட் வால்வு (எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பது) நன்றாக இருந்தால் அந்த ஹோஸ் கொஞ்ச நேரம் குளிர்ந்து கிடந்து, பிறகு சட்டென்று சுடும். என்னுடையது முதல் நிமிடத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானது. எஞ்சின் ஆறியதும் மூன்று ஆணியைக் கழற்றித் தேர்மோஸ்டாட் மூடியைத் தூக்கினேன். உள்ளே வால்வே இல்லை. வெறும் குழி. ஏற்றத்தில் எஞ்சின் சூடாகிவிடும் என்று பயந்து யாரோ ஒரு புண்ணியவான் எடுத்துப் போட்டுவிட்டான். மலையகத்தில் பழைய கார் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள், எங்கள் பக்கம் இது ஒரு பழக்கமாகவே இருக்கிறது. வால்வும் கேஸ்கட்டும் போட்ட மறுநாள், நானுஓயா போகமுன் நாலாம் கியர் விழுந்தது.

அப்படியும் சரிவரவில்லையென்றால்

சொலனொயிட் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். கணினி இல்லாமல் 'எல்' இல் முதலாம் கியர், '2' இல் மூன்றாம் கியர், 'டி' இல் நாலாம் கியர் வர வேண்டும். டி இல் புறப்பட்டால் கார் நகரச் சோம்பல் படும், அது சரிதான். மூன்றும் வந்தால் பொக்ஸ் நலம், பழுது வயரிலோ சென்சரிலோ கணினியிலோ. வராவிட்டால்தான் பழுது உள்ளே. இந்தச் சோதனையை அம்பேவலப் பக்கத்துச் சமமான வீதியில் செய்யுங்கள். ரதல்ல குறுக்கு வீதி மாதிரிச் செங்குத்தான இறக்கத்தில் ஒருபோதும் வேண்டாம்.

உள்ளேதான் பழுது என்றாகி ஒயில் தட்டைக் கழற்றினால், கராஜில் நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். தட்டுக்குள் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருப்பது எந்தப் பழைய பொக்சுக்கும் உள்ளது. இரும்புச் சிராய்கள் ஒட்டியிருந்தால் பேரிங்கோ பல்லோ கிளச் தட்டோ தேய்கிறது. காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் துகள்கள் தட்டின் அடியில் கிடந்தால் புஷ் (தண்டு சுழலும் உலோக வளையம்) தேய்கிறது. தட்டைக் கழுவ விடுவதற்கு முன் அதைப் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.