குடல் பாக்டீரியாவுக்காகத் தியானம்: எப்போது உட்காருவது, எதைக் கவனிப்பது

தியானம் செய்தால் குடல் பாக்டீரியா மாறுமா என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: மாற வாய்ப்பிருக்கிறது, ஆனால் சுற்றுவழியில். மனசு அடங்கும்போது குடலின் அசைவும், அதன் உட்சுவரும், அங்கே சுரக்கும் ஹார்மோன்களும் மாறுகின்றன. பாக்டீரியா அந்த மாற்றங்களுக்குத்தான் பதில் சொல்கிறது. ஆகவே எவ்வளவு நேரம் உட்காருகிறோம் என்பதைவிட எப்போது, எப்படி உட்காருகிறோம் என்பது முக்கியம்.

காற்றில்லாமல் வளரும் பாக்டீரியாவை வளர்த்தெடுப்பது என் வேலை. ஜாடிக்குள் ஆக்சிஜன் இருக்கிறதா என்று பார்க்க மெத்திலீன் நீலம் தோய்த்த சிறு பட்டை ஒன்றை உள்ளே வைப்போம். ஆக்சிஜன் போனதும் பட்டை வெளுத்துவிடும். மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் மெல்ல மெல்ல நீலம் திரும்பும். அப்படி நீலம் திரும்பிய ஜாடியில் குடல்வாசிகள் பலவும் பிழைக்காது. ஃபீக்கலிபாக்டீரியம் என்ற ஒன்று வெளிக்காற்றில் சில நிமிடங்கள்கூடத் தாங்காது. நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாக 2016-இல் கணக்கிட்டார்கள். அவற்றில் பெரும்பகுதி பெருங்குடலில், இந்த அளவுக்குச் சூழலைச் சார்ந்து வாழ்கிறது. இதைத் தினமும் கண்ணால் பார்ப்பதால்தான் மன அழுத்தம் குடலை எட்டும் விஷயத்தை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

அழுத்தம் எட்டும் வழிகள் ஓரளவு தெரிந்தவையே. அழுத்தத்தில் சுரக்கும் நார்எபினெஃப்ரின் என்ற ஹார்மோன், ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தூண்டுவதை 1990-களின் தொடக்கத்திலேயே சோதனைக்குழாயில் காட்டினார்கள். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் 2014-இல் வெளியான ஆய்வில், மேடையேறிப் பேசவேண்டிய மாணவர்களில் யாருக்குக் கார்ட்டிசோல் என்ற அழுத்த ஹார்மோன் ஏறியதோ அவர்களுக்குச் சிறுகுடல் சுவரின் கசிவும் கூடியது. எதிர்த்திசையிலும், அதாவது பாக்டீரியாவிலிருந்து அழுத்தத்துக்கும், பாதை இருக்கிறது. ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் 2004-இல், பாக்டீரியாவே இல்லாமல் வளர்ந்த எலிகளுக்கு அழுத்தம் கொடுத்தபோது ஹார்மோன்கள் அளவுக்கு மீறி ஏறின. பிஃபிடோபாக்டீரியம் வகை ஒன்றைக் குடலில் குடியேற்றியதும் அந்த மிகை அடங்கியது.

தியானத்தையே நேராக ஆராய்ந்ததில் அதிகம் பேசப்படுவது 2023-இல் வந்த திபெத்தியத் துறவிகள் ஆய்வு. மூன்று மடங்களின் 37 துறவிகளையும் அக்கம்பக்கத்தில் வசிக்கும் 19 பேரையும் ஒப்பிட்டார்கள். துறவிகள் தினமும் குறைந்தது 2 மணி நேரம், 3 முதல் 30 ஆண்டுகள் வரை தியானம் செய்தவர்கள். அவர்களிடம் பிரெவோடெல்லா, பாக்டீராய்டிஸ் என்ற இரண்டு குடல் பாக்டீரியா வகைகளும் கூடுதலாக இருந்தன. நம்பிக்கை தரும் ஆய்வுதான். ஆனால் எல்லோரும் ஆண்கள், உயரமான மலைப்பகுதியில் வாழ்பவர்கள், எண்ணிக்கையும் சிறியது. மடத்து வாழ்க்கையின் பங்கு எவ்வளவு, தியானத்தின் பங்கு எவ்வளவு என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. 'தியானம் செய்தால் இந்த பாக்டீரியா பெருகும்' என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள்.

நான் அதிகம் மதிப்பது இன்னொரு தகவலை. பெல்ஜியத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் படித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், குடல் பாக்டீரியாவின் அமைப்போடு மிக அதிகமாகத் தொடர்புபட்டிருந்தது மலத்தின் இறுக்கம். உணவு குடலில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதன் அடையாளம் அது. மன அழுத்தம் முதலில் கைவைப்பதும் அதே இடத்தில்தான்: இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும், பெருங்குடலை விரட்டும். ஆகவே என் பரிந்துரை முழுவதும் குடலின் அசைவைச் சுற்றியே இருக்கும்.

சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் உட்காருங்கள். பரபரப்போடு தட்டின் முன் உட்காரும் உடம்பு செரிமானத்துக்குத் தயாராக இல்லை. பத்து நிமிடம் போதும். நாற்காலியோ தரையோ, எதுவும் சரி. இடுப்புப் பட்டையையும் நாடாவையும் தளர்த்திவிடுங்கள், வயிறு மடங்காதபடி முதுகை நிமிர்த்துங்கள். ஒரு கையை விலாவின் அடிப்பகுதியில் வையுங்கள். மூச்சு உள்ளே போகும்போது அந்த இடம் பக்கவாட்டில் விரிய வேண்டும், தோள் ஏறக்கூடாது. 4 வினாடி உள்ளே, 6 வினாடி வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். வெளிமூச்சில்தான், மூளையிலிருந்து இதயத்துக்கும் குடலுக்கும் போகும் வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயம் மெதுவாகிறது, அதனால் அதை நீளமாக விடுகிறோம். மூச்சுமுட்டினால் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். இழுத்துப் பிடிக்க வேண்டாம்.

கொஞ்ச நேரத்தில் வாயில் உமிழ்நீர் ஊறும். வயிறு கடமுடவென்று சத்தம் போடலாம். கூட்டமாக உட்காரும் இடத்தில் இதற்காக வயிற்றை எக்கிக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எக்காதீர்கள். காலியாக இருக்கும் சிறுகுடல் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மிச்சம்மீதியைப் பெருங்குடலை நோக்கித் தள்ளிச் சுத்தம் செய்யும். பெரும்பாலும் அந்த வேலையின் ஓசைதான் அது. இந்தச் சுத்தம் நடக்காவிட்டால் பாக்டீரியா இருக்கக்கூடாத இடத்தில் பெருகும். இடைவிடாமல் கொறித்தால் சுத்தம் நின்றுபோகும், அதனால் இரண்டு வேளைகளுக்கு நடுவே வயிற்றுக்கு இடைவெளி கொடுங்கள்.

எழுந்த கையோடு சாப்பிடுங்கள், அந்த நிதானம் கலைவதற்குள். முதல் சில கவளங்களை மட்டுமாவது மென்று, சுவை தெரிந்து விழுங்குங்கள். நார்ச்சத்து இல்லாமல் இதெல்லாம் பாதி வேலை. பெருங்குடல் பாக்டீரியா நார்ச்சத்தை நொதிக்க வைத்துத்தான் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தயாரிக்கிறது, அங்குள்ள உட்சுவர்ச் செல்களுக்கு அதுவே முதன்மை எரிபொருள். சாப்பாட்டை மாற்றினால் ஓரிரு நாளிலேயே பாக்டீரியா அசைவதைக் காணலாம். தியானத்துக்கு அந்த வேகம் கிடையாது.

இரவில் படுக்கும் முன் இன்னொருமுறை, படுத்தபடியே. தூக்கம் வந்தால் தூங்கிவிடுங்கள்.

பலன் தெரிகிறதா என்று பார்க்க மலத்தை அனுப்பிப் பாக்டீரியா பட்டியல் வாங்கும் பரிசோதனைகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஒரே ஆளின் பட்டியல் நாளுக்கு நாள் மாறும், அதில் 'சரியான' பட்டியல் என்று ஒப்புக்கொண்ட அளவுகோலும் இல்லை. அதற்குப் பதில் மலத்தின் இறுக்கத்தைப் படங்களால் வகைப்படுத்தும் பிரிஸ்டல் அளவுகோலை அச்செடுத்துக் கழிவறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். அதில் ஏழு வகைப் படங்கள் உண்டு: 1 என்றால் உருண்டை உருண்டையான கெட்டி, 7 என்றால் வெறும் தண்ணீர். 3, 4 நல்ல நிலை. தினமும் அந்த வகையின் எண்ணை மட்டும் குறியுங்கள், பக்கத்தில் அன்று உட்கார்ந்தீர்களா, எப்படித் தூங்கினீர்கள் என்று ஒரு சொல். ஆன்டிபயாட்டிக் எடுக்கும் வாரங்களைத் தனியாகக் கோடிட்டுப் பிரித்துவிடுங்கள், அந்த நாட்களின் எண்ணை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது.

வயிற்றுவலி உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கவனத்தை வயிற்றில் வைத்தால் சிலருக்கு வலி பெரிதாகும். அப்போது கையை எடுத்துவிட்டு, கண்ணைத் திறந்து, உள்ளங்கால் தரையில் படுவதைக் கவனியுங்கள், அல்லது வெளியே கேட்கும் சத்தத்தை. அதுவும் முடியாத நாளில் மெதுவாக நடங்கள், மூச்சின் கணக்கு மட்டும் அப்படியே இருக்கட்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, விடாத காய்ச்சல் என்று எது இருந்தாலும் தியானத்தை வைத்து நாளைத் தள்ளாமல் மருத்துவரிடம் போங்கள். போகும்போது அந்தக் குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள், அவர் கேட்கும் முதல் கேள்விகளுக்கான பதில் அதில் இருக்கும்.