இடம்பெயர்ந்தோர் அள்ளும் கிணற்றுக்குக் குளோரின் போடும் முறை

1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குத் தப்பி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலம் தாண்டிப் பக்கத்துத் தென்மராட்சிக்குள் இறங்கியது. ஒரு வீடு அள்ளிய கிணற்றில் பல குடும்பங்கள் அள்ளும் நிலை. யாழ்ப்பாணத்து நிலமோ வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல். பக்கத்து மலக்குழியின் அழுக்கு அதனூடாகச் சுலபமாகக் கிணற்றுக்கு வந்துவிடும். இப்படியான நேரத்தில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வரும்வரை காத்திருக்காமல் நாமே செய்யக்கூடியது குளோரின் போடுவது.

குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடரைக் குத்துமதிப்பாக ஒரு சிரட்டை அள்ளிக் கொட்டிவிடாதீர்கள். தண்ணீர் நாறும், சனம் மருந்து போடாத கிணற்றைத் தேடிப் போகும். அதைவிடப் போடாமலே இருந்திருக்கலாம்.

முதலில் கிணற்றை அளக்க வேண்டும். கயிற்றில் கல்லைக் கட்டி அடிவரை இறக்குங்கள். நனைந்த நீளம்தான் நீரின் ஆழம். வட்டக் கிணறென்றால் விட்டம் × விட்டம் × ஆழம் × 0.785, எல்லாம் மீட்டரில். 3 மீட்டர் விட்டம், 2 மீட்டர் நீர் என்றால் ஏறத்தாழ 14 கன மீட்டர், அதாவது 14,000 லீற்றர். 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் பவுடர். ஆக 35 கிராம். தராசு இல்லையா? நகைக்கடையில் கேளுங்கள். இந்தக் கணக்கு, மூன்றில் ஒரு பங்கு குளோரின் உள்ள புதுப் பவுடருக்கு. திறந்து கிடந்த பழசு வீரியம் இழந்திருக்கும்.

சரி, இனிக் கரைசல். மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் வாளியில் பவுடரைக் கொஞ்ச நீர் விட்டுக் களியாகக் குழையுங்கள். அப்புறம் முக்கால் வாளி நீர் விட்டுக் கலக்கி, பத்து நிமிடம் அடையவிடுங்கள். மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் ஊற்றுங்கள். அடியில் தங்குவது சுண்ணாம்பு. எங்கள் தண்ணீரில் அது ஏற்கெனவே போதும், கிணற்றுக்குள் ஊற்ற வேண்டாம்.

கடைசி ஆள் அள்ளிப் போன பிறகு, இரவில், தெளிந்த கரைசல் உள்ள வாளியைக் கிணற்று நீருக்குள் அமிழ்த்தி மேலும் கீழும் அசைத்துக் கலக்குங்கள். குறைந்தது ஒரு மணி நேரம் யாரும் அள்ளக்கூடாது.

நோய் பரவும் நாட்களில் இதைத் தினமும் செய்ய வேண்டும். காலையில் முதல் வாளியை மணந்து பாருங்கள். லேசாகக் குளோரின் மணந்தால் சரி. மணமே இல்லையென்றால் அன்றிரவு அளவைச் சற்றுக் கூட்டுங்கள், பி.எச்.ஐ. வந்தால் நிறச் சோதனையில் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்வார்.