மணாலிக்கு மேலே, மார்ச் முதல் மே வரை: பனிச்சரிவு அபாயத்தைக் கணிப்பது

வசந்தத்தில் சோலாங், ஹம்டா, பியாஸ் குண்ட் பக்கம் ஏறுகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இரண்டு: நேற்றிரவு பனி உறைந்ததா? இன்று எத்தனை மணிக்கு இளகும்? உறைந்த பனி தாங்கும், இளகிய பனி சரியும்.

சண்டிகரில் உள்ள டி.ஜி.ஆர்.இ. (பாதுகாப்புத் துறையின் ஆய்வு நிறுவனம்) வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைக் கிளம்புமுன் பாருங்கள். ஆனால் அது பெரிய பரப்புக்கானது. நீங்கள் கடக்கப்போகும் நாலாவை (மலைச்சரிவின் ஓடைப்பள்ளத்தை) நீங்கள்தான் கணிக்க வேண்டும்.

வானம் தெளிந்து காற்று வறண்டிருந்தால், காற்றின் வெப்பநிலை 2 டிகிரியாக இருந்தாலும் பனியின் மேற்பரப்பு வெப்பத்தை வானுக்கு இழந்து உறைந்துவிடும். மேகம் மூடிய இரவில் மைனஸ் 1 டிகிரியிலும் உறைவது அரைகுறைதான். எனவே வானிலைச் செயலி காட்டும் குறைந்தபட்ச வெப்பநிலையை மட்டும் நம்பாமல், இரவில் கூடாரத்தைவிட்டு வெளியே வந்து நட்சத்திரம் தெரிகிறதா என்று பாருங்கள்.

விடியுமுன் பனியில் காலை ஊன்றிப் பார்த்தால் மீதி தெரியும். பூட்ஸ் பதியாமல் தாங்கினால் நல்லது. மேலே 2, 3 செ.மீ. பொருக்கு மட்டும் இருந்து, உடைத்தால் அடியில் ஈரப்பனி வந்தால், வெயில் பட்ட சிறிது நேரத்திலேயே அது போய்விடும். அடிப்பனியை ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். உருண்டையாகச் சேர்ந்தால் வெறும் ஈரம். தண்ணீர் சொட்டினால் பனித்துகள்களுக்கிடையே பிடிப்பு போய்விட்டது, அந்தச் சரிவு வேண்டாம். ட்ரெக்கர்கள் பலர் குழி தோண்டித் தட்டிப் பார்க்கும் சோதனையைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். உலர்பனிக்கு அது உதவும். ஈரப்பனியில் அதன் முடிவை நம்ப முடியாது. குழி தோண்டினால் 10 செ.மீ.க்கு ஒருமுறை வெப்பநிலை பாருங்கள். மேலிருந்து தரைவரை 0 டிகிரி என்றால் அந்தப் பனியைத் தாங்குவது இரவில் உறைந்த பொருக்கு மட்டுமே.

அடுத்து சாய்வு. பனி அடுக்கு மொத்தமாகப் பலகைபோலப் பெயரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரிக்குள் தொடங்கும். 120 செ.மீ. நீளமுள்ள இரண்டு ட்ரெக்கிங் கோல்கள் போதும். ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, மற்றொன்றை அதிலிருந்து கிடைமட்டமாக மேட்டுப் பக்கம் நீட்டி, முனை பனியைத் தொடும்படி பிடியுங்கள். இரண்டும் சந்திக்கும் உயரம் 69 செ.மீ. என்றால் 30 டிகிரி, 84 என்றால் 35. நிற்கும் இடத்தை மட்டும் அளந்து நிம்மதியடைய வேண்டாம். தலைக்கு மேலே என்ன தொங்குகிறது என்பதே பெரும்பாலும் முக்கியம். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் காங்டாக்–நாதுலா சாலைப் பகுதியில் நண்பகல் வாக்கில் விழுந்த பனிச்சரிவில் 7 சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். சாலையோரம்தானே என்று எண்ணும் இடத்துக்கும் பனி வந்து சேரும்.

கிழக்கு முகம் (கிழக்கு நோக்கிய மலைச்சரிவு) சூரியன் உதித்ததுமே சூடாகும், தெற்கு முற்பகலில், மேற்கு பிற்பகலில். போகும் வழியை மட்டுமல்ல, திரும்பும் வழி எந்த முகத்தில், எத்தனை மணிக்கு என்பதையும் எழுதி வையுங்கள். ஃப்ரெண்ட்ஷிப் சிகரம் ஏறுகிறவர்கள் நள்ளிரவை ஒட்டிக் கிளம்புவது இதற்காகத்தான். வெயில் பட்ட பாறையைச் சுற்றியுள்ள பனி முதலில் இளகும். சரிவில் பனி உருண்டைகள் தாமாக உருளத் தொடங்கினாலோ, கணுக்காலுக்கு மேல் கால் புதைந்தாலோ, கடிகாரம் காலை 9 தான் காட்டினாலும் இறங்குங்கள்.

இந்த நேரக்கணக்கு பொய்க்கும் நாட்களும் உண்டு. தொடர்ந்து இரண்டு, மூன்று இரவுகள் உறையாமல் போனால் உருகுநீர் அடியிலுள்ள பலவீனமான அடுக்கை எட்டி, முழுப் பனிப்பலகையே எந்நேரமும் பெயரலாம். குளிர்காலம் முழுவதும் நிழலில் இருந்த வடக்கு முகங்கள் முதல்முறை நனையும்போது இது இன்னும் மோசம். பனிமேல் மழை பெய்தாலும் அப்படித்தான். ஏப்ரலில் மேற்கத்தியக் கலக்கம் (மேற்கிலிருந்து வந்து மழையும் பனியும் தரும் வானிலை அமைப்பு) 30 செ.மீ. புதுப்பனி கொட்டிவிட்டுப் போனால், முதல் வெயில் நாளன்று செங்குத்துச் சரிவுகளுக்குப் போகாதீர்கள். அந்த நாளில்தான் வானம் பளிச்சென்று இருந்து ஆசை காட்டும்.

முகாமை நாலாவின் வாயில் போட வேண்டாம். போஜ்பத்ர (இமயமலை பிர்ச்) மரங்கள் பள்ளத்தை நோக்கி வளைந்திருந்தாலோ, மேட்டுப்பக்கக் கிளைகள் மட்டும் முறிந்திருந்தாலோ, அது பழைய பனிச்சரிவு வந்த பாதை.