காசிமேட்டில் களப்பணி: நேர்காணலா, குழு விவாதமா, உற்றுநோக்கலா?

உங்கள் ஆய்வுத் தலைப்பு முடிவாகி, வழிகாட்டியும் சரி சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்கிறேன். காசிமேடு துறைமுகத்தில் மீன் வாங்கி விற்கும் பெண்களைப் பற்றிய ஆய்வையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

படி 1: கேள்விக்கேற்ற முறை. ஏலத்தில் விலை எப்படி ஏறுகிறது என்பதை யாரிடமும் கேட்காதீர்கள். விடியுமுன் போய் நின்று பாருங்கள், அதுதான் உற்றுநோக்கல். வட்டிக் கடனை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றால் தனி நேர்காணல். துறைமுகத்தில் என்ன வசதி வேண்டும் என்பது பொது விஷயம், அதற்குக் குழு விவாதம்.

படி 2: காலண்டர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், சின்னப் படகுகளின் மீன்தான் வரும். ஏலத்தைப் பார்க்க அது சரியான நேரமில்லை. உட்கார்ந்து பேச ஆள் கிடைப்பார்கள்.

படி 3: குழுவில் யார் யார்? இங்கேதான் நிதானம் வேண்டும். ஆறு முதல் எட்டுப் பேர் போதும். கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே வட்டத்தில் உட்கார்ந்தால் வாங்கியவர் வாயே திறக்க மாட்டார். சங்கத் தலைவர் வீட்டில் கூட்டினால் தலைவரின் கருத்துதான் எல்லார் வாயிலும் வரும். குழுவில் "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா" என்றவர், மறுநாள் தனியாகப் பேசும்போது வேறு சொல்வார். ஒன்று பொய், இன்னொன்று உண்மை என்று அடித்துவிடாதீர்கள். ஊர் முன்னால் எதைச் சொல்ல முடிகிறது, எதைச் சொல்ல முடிவதில்லை என்பதே உங்களுக்குக் கிடைத்த தரவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வையுங்கள். இன்னொன்று: குழுவில் பேசியது வெளியே போகாது என்று நீங்கள் வாக்குக் கொடுக்க முடியாது, மற்றவர்களும் கேட்டிருக்கிறார்களே. அந்தரங்கமானதை அங்கே கேட்கவே கூடாது.

படி 4: பதிவு. அனுமதி கேட்டபின் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுப் பதியுங்கள். வீடியோ வேண்டாம், பேச்சே மாறிவிடும். களக்குறிப்புக்கு என் ஓட்டு சின்ன நோட்டுக்குத்தான். அன்றிரவே விரித்து எழுதிவிடுங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நாலு மணி நேரமாவது பிடிக்கும். தானாக எழுதித் தரும் செயலிகளை நம்பாதீர்கள், ஏலச் சத்தத்துக்கு நடுவே வடசென்னைப் பேச்சு அவற்றுக்குப் பிடிபடாது. அவர்கள் சொன்ன சொல்லையே எழுதுங்கள், திருத்த வேண்டாம்.

பின்சேர்க்கை: எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். புதிதாக எதுவும் வராத இடத்தில் நிறுத்தலாம். ஆய்வுக்கான படிவத்தில் எண் கேட்டால் 15 முதல் 20 என்பதுபோல் ஒரு வரம்பைக் கொடுங்கள். ஆனால் கடைசி நான்கு பேரும் ஒரே தெருவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் இன்னும் நிறுத்தக் கூடாது.