துணை மருத்துவப் பாலிசி: டிஸ்சார்ஜ் அன்று தெரியவரும் தவறுகள்

ராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுக்க வந்தவர்கள் "இந்த ஃபாரத்தையும் நிரப்பிக் குடுங்க தம்பி" என்று ஆரம்பித்து, இப்போது மருத்துவக் காப்பீட்டு கிளைம் பேப்பர்கள் வாரத்துக்கு இரண்டு மூன்றாவது வந்துவிடுகின்றன. நான் பாலிசி விற்பவன் இல்லை. விற்று முடிந்த பிறகு நடக்கும் கதைதான் என் மேசைக்கு வரும், பெரும்பாலும் ஒரு மஞ்சள் பைக்குள் சுருட்டி.

அப்படி வருவதில் பாதிக்கு மேல் துணைப் பாலிசிகள். ஆஸ்பத்திரியில் படுத்த நாளுக்கு இவ்வளவு என்று தரும் தினப்படிப் பாலிசி, பெரிய தொகைக்கு மேல் கைகொடுக்கும் டாப்-அப், கடும் நோய்ப் பாலிசி, விபத்துப் பாலிசி. முதன்மைப் பாலிசிக்கு, அல்லது அரசு காப்பீட்டு அட்டைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள எடுப்பவை. பிரீமியம் குறைவு, அதனால் யாரும் படித்துப் பார்ப்பதில்லை.

போன மாசியில் பாம்பனிலிருந்து ஒரு அக்கா வந்தார். ஐப்பசி மழையில் மகனுக்கு டெங்கு வந்து ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். நாளுக்கு 1,000 ரூபாய் தரும் தினப்படிப் பாலிசி இருந்தும் நாலு மாதமாக அதைத் தொடவே இல்லை. கேட்டதற்கு, "தர்மாஸ்பத்திரில காசே வாங்கலையே தம்பி, பில் இல்லாம என்னத்தக் கேக்குறது?" என்றார்.

நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். தினப்படிப் பாலிசிக்கும் பில்லுக்கும் சம்பந்தம் இல்லை. செலவு பூஜ்யமாக இருந்தாலும், பாலிசி சொல்லும் இலக்கணத்துக்குள் வரும் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாக இருந்தால் தொகை உண்டு. வேண்டியது டிஸ்சார்ஜ் சம்மரியும், பரிசோதனை ரிப்போர்ட்டுகளும், சில கம்பெனிகள் கேட்டால், ஆஸ்பத்திரியில் நோயாளி பற்றி எழுதிவைக்கும் கேஸ் ஷீட்டின் நகலும். கூட்டம் அலைமோதும் வார்டில் டாக்டர் கையெழுத்து, முத்திரை, சேர்ந்த நேரம், வெளியே விட்ட நேரம் நாலும் இருக்கிறதா என்று வாசலைத் தாண்டும் முன் பார்த்துவிடுங்கள். பிறகு அதற்கென்று பஸ் ஏறிப் போனால் ஒரு நாள் பிழைப்பு போச்சு.

நேரம் ஏன் முக்கியம்? அக்கா விரல் விட்டு எண்ணியதில் ஆறு நாள். மகனைச் சேர்த்தது 16-ஆம் தேதி இரவு 10 மணி, விட்டது 21-ஆம் தேதி காலை 9 மணி. பாலிசி எண்ணுவது முழுதாக முடிந்த 24 மணி நேரங்களை. அப்படிப் பார்த்தால் நாலு. அதிலும் அவர் பாலிசியில் முதல் நாள் கழிவு என்று ஒரு வரி. மிச்சம் மூன்று நாள், 3,000 ரூபாய். "ஆறாயிரம்னு நெனச்சேனே" என்று அவர் முகம் விழுந்தது. வாங்கும்போதே அந்த ஒரு வரியை யாராவது வாசித்துக் காட்டியிருந்தால் ஏமாற்றம் இருந்திருக்காது.

நாலு மாதத் தாமதத்துக்கு ஒரு விளக்கக் கடிதம் எழுதி வைத்தோம். தாமதம் ஒன்றையே காரணம் காட்டி நியாயமான கிளைமைத் தள்ளக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2011-லேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. பணம் வந்தது. ஆனால் அதற்கு முன் இன்னொரு தலைவலி: ஓ.பி. சீட்டில் மகனுக்கு வீட்டில் கூப்பிடும் பெயர், ஆதாரில் ஞானஸ்நானப் பெயர். சீட்டு எழுதும் இடத்தில் ஆதாரைக் காட்டிப் பெயர் சொல்லுங்கள். அவசரத்தில் இது யாருக்கும் தோன்றாது, அதனால்தான் சொல்கிறேன்.

அடுத்தது டாப்-அப். இதில் கணக்குத் தெரியாமல் மாட்டுகிறார்கள். டாப்-அப், சூப்பர் டாப்-அப் இரண்டும் ஒன்றில்லை. இரண்டிலும் முதல் இத்தனை லட்சம் உங்கள் பொறுப்பு, அதற்கு மேல் கம்பெனி பொறுப்பு. சாதா டாப்-அப் அந்த வரம்பை ஒவ்வொரு அட்மிஷனுக்கும் தனித்தனியாகப் பார்க்கும். சூப்பர் டாப்-அப் வருஷம் முழுவதும் ஆன செலவைக் கூட்டிப் பார்க்கும். வரம்பு 3 லட்சம் என்று வையுங்கள். சித்திரையில் ஒரு ஆபரேஷன் 2 லட்சம், ஆவணியில் இன்னொன்று இரண்டரை லட்சம். எதுவும் தனியாக 3 லட்சத்தைத் தாண்டவில்லை, ஆக சாதா டாப்-அப்பில் ஒரு பைசா வராது. சூப்பரில் மொத்தம் நாலரை லட்சம், வரம்பு போக ஒன்றரை லட்சம் வரும். பிரீமிய வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் நான் சூப்பரையே எடுப்பேன்.

அந்த வரம்பை எதை நம்பி வைக்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம். "கலைஞர் கார்டு அஞ்சு லட்சத்துக்கு இருக்கு, அதுக்கு மேல டாப்-அப் போட்டாச்சு" என்று நிம்மதியாகச் சொல்பவர்கள் இங்கே நிறைய. 2009-இல் கலைஞர் பெயரில் தொடங்கி 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்று நடக்கும் அந்த அட்டையை, ஊரில் இன்னும் பழைய பெயரில்தான் சொல்கிறோம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. நல்ல திட்டம், எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, நிர்ணயித்த தொகையில் நடப்பது. அங்கே சிகிச்சை நடந்தால் உங்கள் கையில் பில்லே வராது, டாப்-அப்புக்கும் வேலை இல்லை. நெஞ்சு வலி என்று ராத்திரியில் மதுரைக்கு ஓடி, பட்டியலில் இல்லாத ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால் அட்டை பேசாது. டாப்-அப் ஐந்து லட்சத்துக்கு மேல்தான் பேசும். முதல் ஐந்து லட்சம் முழுக்க உங்கள் தலையில். ஆகவே வரம்பை, நகையை வைத்தாவது உங்களால் புரட்ட முடிகிற தொகையில் வையுங்கள். ராமேசுவரம் தீவிலிருந்து மதுரை 170 கிலோமீட்டர் வாக்கில் இருக்கிறது; அந்த நேரத்தில் ஆஸ்பத்திரிப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது. பட்டியலில் உள்ள மதுரை ஆஸ்பத்திரிகளின் பெயரை இப்போதே போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கம்பெனிப் பாலிசி இருந்தால் ஒரிஜினல் பில்லை முதல் கம்பெனி வாங்கிக்கொள்ளும். இரண்டாவது கம்பெனி, பில்லின் சான்றிட்ட நகலும் முதல் கம்பெனி எவ்வளவு கொடுத்தது என்ற செட்டில்மென்ட் கடிதமும் கேட்கும். அதனால் ஒரிஜினலைக் கொடுக்கும் முன் இரண்டு செட் ஜெராக்ஸ். கடைக்காரன் வியாபாரம் பேசுகிறான் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

கடும் நோய்ப் பாலிசியை "ஹார்ட்டு, கேன்சர் எல்லாத்துக்கும் காசு" என்று விற்கிறார்கள். உள்ளே ஒவ்வொரு நோய்க்கும் இலக்கணம் இருக்கிறது. மாரடைப்பு என்று எழுதியிருந்தால், மாரடைப்பு நடந்ததற்கு ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை என்று சான்று வேண்டும். அடைப்பு கண்டுபிடித்து முன்னெச்சரிக்கையாக, ரத்தக் குழாயை விரித்து வைக்கும் ஸ்டென்ட் வைத்தால் அது அந்த வரிக்குள் வராது. பரவாத ஆரம்பநிலைப் புற்றுநோய்கள் பலவும் அப்படித்தான். பாலிசி எடுத்து முதல் 90 நாளில் வந்த நோய்க்குப் பொதுவாகப் பணம் இல்லை, நோய் உறுதியான பின் 30 நாள் உயிரோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல பாலிசிகளில் உண்டு. வாசிக்கவே சங்கடமான வரி.

கீழக்கரை, ஏர்வாடிப் பக்கத்தில் வேறு மாதிரி. மகன் துபாயில் சபுராளி, அதாவது வெளிநாட்டில் பிழைப்பவர். அங்கிருந்தே ஆன்லைனில் அத்தாவுக்கும் உம்மாவுக்கும் பாலிசி போட்டுவிடுவார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று டிக். பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. உம்மா மூன்று வருஷமாக மாத்திரை சாப்பிடுவதைப் பிள்ளை கவலைப்படுவானே என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும்போது மட்டும் உண்மை வெளியே வந்து கேஸ் ஷீட்டில் ஏறுகிறது, கிளைம் அங்கேயே நிற்கிறது. சொல்லிவிட்டால் பிரீமியம் கூடலாம். ஆனால் 2024 ஏப்ரல் முதல் புதிய விதிப்படி பழைய நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம்தான். மறைத்தால், தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டி முடியும் வரை எப்போது வேண்டுமானாலும் மறைத்ததைக் காட்டி மறுக்கலாம். மோசடி என்று நிரூபித்தால் அதற்குப் பிறகும். பாலிசி கைக்கு வந்ததும் 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிவிடலாம். அந்த முப்பது நாளில் ஒரு தடவை பெற்றோருக்குப் போன் போட்டு ஃபாரத்தை வாசித்துக் காட்டுங்கள்.

எங்கள் கரைக்கு மட்டும் உரிய தவறு ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில். அந்த இரண்டு மாதத்தில் புதுப்பிக்கும் தேதி வருகிற பாலிசிகள்தான் அதிகம் அறுந்துபோகின்றன. தேதி தாண்டியும் பிரீமியம் கட்ட கருணைக் காலம் 30 நாள் இருக்கிறதே என்பார்கள். வருஷ பிரீமியம் கட்டும் பாலிசியில் அந்த 30 நாள், பாலிசி தொடர்ச்சியைக் காப்பாற்றத்தான். கட்டாமல் கிடந்த நாட்களில் படுத்தால் பணம் வராது. மார்ச் வாக்கில் கையில் பண ஓட்டம் இருக்கும்போதே எடுத்து வைப்பதுதான் வழி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. போய்விட்டதால் சுமையும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

20 ரூபாய் விபத்துக் காப்பீடான பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனாவும் இதே வலையில் சிக்குகிறது. அது ஜூன் 1 முதல் மே 31 வரை. வங்கி அந்த 20 ரூபாயை எடுப்பது மே கடைசியில், தடைக்காலத்தின் நட்டநடுவில். கணக்கில் அது இல்லாமல் இரண்டு லட்ச ரூபாய்க் காப்பீடு போன வீடுகளை எனக்குத் தெரியும். பதிவு பெற்ற மீனவர்களுக்கு மீன்வளத் துறை வழியாக இருக்கும் குழு விபத்துக் காப்பீட்டையும் பலர் மறந்துவிடுகிறார்கள். இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம், விபத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000 வரை. மீனவர் கட்டவேண்டியது ஒன்றுமில்லை. படகில் வலை இழுக்கும் வின்ச்சில் விரல் போனவர் அதைக் கேட்காமல், காசு கட்டிய பாலிசிக்காக மட்டும் ஆறு மாதம் அலைந்தார்.

கிளைம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ஒரு வருஷத்துக்குள் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் நடுவரான, சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரையிலான வழக்குகளை எடுப்பார்கள். மறுப்புக் கடிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது என்று கிழித்துப் போட்டுவிட்டு வருகிறார்கள் சிலர். அந்தக் கடிதம் இல்லாமல் மனு எழுத உட்கார்ந்தால் எனக்கே பாதி நாள் போய்விடுகிறது.