கடைமடைக்குப் போய்ச் சேர்ந்ததா? நெட்வொர்க்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடை. அண்ணாச்சி போனில் கூப்பிட்டார். "தம்பி, நெட்டு இருக்கு, ஆனா ஆர்டர் போக மாட்டேங்கு." போய்ப் பார்த்தால் ஆர்டர் போயிருந்தது, அதுவும் இரண்டு தடவை. மொத்த வியாபாரியின் கணக்கில் 10 மூட்டை துவரம்பருப்புக்குப் பதில் 20 மூட்டை ஏறியிருந்தது.

முதல் தடவை பொத்தானை அமுக்கியபோதே ஆர்டர் சென்னை சர்வருக்குப் போய்விட்டது. 'வந்து சேர்ந்தது' என்ற பதில்தான் திரும்பும் வழியில் தொலைந்தது. கடைக் கம்ப்யூட்டர் 'தோல்வி' என்று காட்ட, பையன் மறுபடி அமுக்கினான். பையன் மேல் தப்பில்லை. பதில் வரவில்லை என்றால் வேலை நடக்கவில்லை என்று சாஃப்ட்வேர் எழுதியவர் எடுத்துக்கொண்டாரே, தவறு அங்கேதான். ஒவ்வொரு ஆர்டருக்கும் கடையிலேயே ஒரு தனி எண் போட்டு அனுப்பியிருக்க வேண்டும். அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புது ஆர்டர் போடாமல் பழைய பதிலையே திருப்பிக் கொடுத்திருக்கும்.

நான் பார்க்கிற கோளாறுகளில் பாதிக்கு வேர் இதுதான்: நெட் தராத வாக்கை அது தந்ததாக நாம் நம்பிக்கொள்கிறோம். நாம் அனுப்புவது சின்னச் சின்னத் துண்டுகளாக, அதாவது பாக்கெட்டுகளாகப் போகும். பாக்கெட்டைக் கொண்டுபோக நெட் தன்னால் ஆனதைச் செய்யும், சேரும் என்று உத்தரவாதம் கிடையாது. 1970களில் வின்ட் செர்ஃபும் பாப் கானும் இதை வடிவமைத்தபோது தெரிந்தேதான் அப்படி விட்டார்கள். நடுவில் இருப்பவை அதிகம் யோசிக்காமல் இருந்தால்தான் எந்த நெட்வொர்க்கையும் எதோடும் கோர்க்க முடியும். தொலைந்ததைத் திரும்ப அனுப்புவது, வரிசைப்படுத்துவது எல்லாம் இரண்டு முனைகளின் பாடு.

இரண்டு முனைகளிலும் இருந்துகொண்டு தொலைந்ததைத் திரும்ப அனுப்புகிற ஏற்பாட்டுக்கு டிசிபி என்று பெயர். "டிசிபி பார்த்துக்கொள்ளாதா?" என்று படித்த பிள்ளைகளே கேட்கிறார்கள். எதிர் முனைக் கம்ப்யூட்டர் வரை பைட்டுகள் வந்துவிட்டன என்பதுவரைதான் டிசிபி சொல்லும். அண்ணாச்சியின் ஆர்டர் பதிவானதா என்பது அதற்குத் தெரியாது. சுத்தமல்லி அணைக்கட்டில் ஷட்டரைத் திறந்தவருக்கு, நெல்லைக் கால்வாயின் கடைசி வயலில் தண்ணீர் ஏறியதா என்று எப்படித் தெரியும்? கடைமடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.

1984இல் ஜெரோம் சால்ட்சர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் மூவரும் இதைக் கட்டுரையாகவே எழுதினார்கள். அதில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு கதை வரும். வழியில் ஒவ்வொரு கட்டத்திலும் பிழை சோதனை இருந்ததால் எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். ஆனால் நடுவில், ஒரு நெட்வொர்க்கை இன்னொன்றோடு கோர்க்கும் ஒரு கேட்வே கம்ப்யூட்டர், தனக்குள்ளேயே நகல் எடுக்கும்போது, சுமார் பத்து லட்சம் பைட்டுக்கு ஒரு தடவை இரண்டு பைட்டுகளை இடம் மாற்றி வைத்தது. அதன் வழியே திரும்பத் திரும்பப் போய்வந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மூலநிரல் மெல்ல மெல்லக் கெட்டது. கடைசியில் பழைய அச்சுப் பிரதியோடு கையால் ஒப்பிட்டுத் திருத்தினார்கள். பேக்கப் எடுப்பவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளவும்: 'காப்பி முடிந்தது' என்ற செய்தியை நம்பாதீர்கள், அந்தப் பக்கம் திறந்து பாருங்கள்.

சரி, திரும்ப அனுப்பலாம். ஆனால் உடனே உடனே அனுப்பக் கூடாது. 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, வெறும் 400 கஜ தூரத்தில், நொடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த வேகம் 40 பிட்டுக்கு விழுந்தது. ஆளாளுக்கு மறுபடி மறுபடி அனுப்பி அவர்களே அடைத்துக்கொண்டார்கள். நெரிசல் தெரிந்தால் அனுப்புகிறவரே கையை இழுத்துக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாட்டை வான் ஜேக்கப்சன் 1988இல் எழுதினார். உங்கள் ஆப்பும் முதலில் 1 நொடி, அப்புறம் 2, அப்புறம் 4 என்று பொறுத்துப் பார்க்கட்டும்.

அடுத்தது பணத்தைக் கரைக்கிற தவறு: ஸ்லோ என்றால் பெரிய பிளான் போடுவது. பிளானில் எத்தனை எம்பி என்பது ஒரு நொடியில் எவ்வளவு போகும் என்ற அளவு. எவ்வளவு சீக்கிரம் போகும் என்பது வேறு கணக்கு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் ஓடும். இங்கிருந்து சென்னைக்குச் சாலை வழியே 600 கிலோமீட்டருக்கு மேல் என்பதால், அந்த வழியே ஓடும் கேபிளில் போய்வர 6 மில்லிசெகண்டுக்குக் (ஆயிரத்தில் 6 பங்கு நொடி) குறைய வழியே இல்லை. அமெரிக்க சர்வர் என்றால் 200ஐத் தாண்டும். ஒரு பக்கத்தைத் திறக்க 50 தடவை ஒன்றன்பின் ஒன்றாகப் போய்வருகிற சாஃப்ட்வேருக்கு அதுவே 10 நொடி. 100 எம்பியை 300 ஆக்கினாலும் அந்த 10 நொடி அப்படியே இருக்கும். போய்வருகிற தடவையைத்தான் குறைக்க வேண்டும். ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பத்தை அப்லோடு செய்தால் வாட்ஸ்அப் கால் திக்குகிறது என்றார்கள். ரவுட்டருக்குள் வரிசை நீண்டு, குரல் பாக்கெட் ஆல்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. அப்லோடு வேகத்துக்கு ஒரு வரம்பு போட்டேன், சரியாகிவிட்டது. கூடுதல் செலவு ஒன்றுமில்லை.

இன்னொன்று என் சொந்தத் தவறு. வீட்டுக்கு இரண்டு கம்பெனி இணைப்பு வாங்கி, ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கிறது என்று மிதப்பில் இருந்தேன். வாசலில் குழாய் பதிக்கத் தோண்டிய அன்று இரண்டுமே போயின. இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் இறங்கி ஒரே குழிக்குள் ஓடியிருக்கின்றன. பில் இரண்டு, பாதை ஒன்று. வாங்கும் முன் கேபிள் எந்தத் தெரு வழியாக வருகிறது என்று கேளுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் பல ஊர்களில் போன் சிக்னலே இல்லாமல் போனதை நினைத்தால், கையில் நெட் இல்லாமல் பில் போட ஒரு வழியும் வேண்டும்.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கருவிக்கும் இருக்கும் முகவரி எண்ணை, அதாவது ஐபி எண்ணை, அப்படியே சாஃப்ட்வேரில் எழுதிவைப்பதைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. எண் மாறும், பெயரை எழுதுங்கள். பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தர 1983லேயே டிஎன்எஸ் வந்துவிட்டது. அண்ணாச்சி கடை பிரிண்டரில் 192.168.1.20 என்று நான் ஒட்டிய ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. கரண்ட் போய் வந்த ஒரு நாளில் ரவுட்டர் அந்த எண்ணைப் பையனின் போனுக்குக் கொடுத்துவிட்டது.