தண்ணீர் பாட்டிலில் மழை அளக்கலாம், வாங்க

அப்பா தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் கணக்கப்பிள்ளை. ஊரே மழை வேணும் என்று சாமி கும்பிடும்போது, எங்கள் வீட்டில் மட்டும் வானத்தை முறைத்துக்கொண்டிருப்போம். உப்பு வாரும் நேரத்தில் ஒரு சாரல் போதும், பாத்தி கெட்டுவிடும். யாராவது வந்து "நேத்து நல்ல மழை" என்றால் அப்பாவுக்குப் பிடிக்காது. "நல்ல மழைன்னா எவ்வளவு?" என்பார்.

பிறகு நான் அறிவியல் டீச்சர் ஆனேன். வருஷா வருஷம் சுற்றுச்சூழல் பாடத்துக்குப் பிள்ளைகள் ஒரே விடையைத்தான் எழுதுவார்கள்: "புகையினால் ஓசோனில் ஓட்டை விழுந்து, வெயில் உள்ளே வந்து, பூமி சூடாகிறது." மூன்று பாடத்தை ஒரே சட்டியில் போட்டுக் கிண்டியது போல இருக்கும். அதைப் பிரித்துக் காட்டத்தான் வகுப்புக்கு ஒரு பாட்டிலைக் கொண்டுபோனேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்று எடுங்கள். உடம்பு நேராக இருக்க வேண்டும். நடுவில் இடுப்பு ஒடுங்கியது வேண்டாம். கழுத்துக்குக் கீழே, வளைவு முடிகிற இடத்தில் சுற்றி அறுத்து, மேல்துண்டைத் தலைகீழாக உள்ளே செருகினால் புனல் ஆகிவிடும். மூடியைக் கழற்ற மறக்காதீர்கள். சிரிக்காதீர்கள், ஒரு வருஷம் எட்டாம் வகுப்பில் பாதிப் பேர் மறந்தார்கள்.

பாட்டில் மேல் ஸ்கேலை ஒட்டி அளக்கச் சொல்வார்கள். அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் அது சரிவராது. தண்ணீரை ஊற்றி அளப்பதே மேல். வாய் விட்டம் 10 செ.மீ. என்றால் பரப்பு 78.5 சதுர செ.மீ. ஆகவே 78.5 மில்லி தண்ணீர் விழுந்திருந்தால் 1 செ.மீ. மழை, ஏறக்குறைய 8 மில்லிக்கு 1 மி.மீ. இருமல் மருந்தோடு வருகிற அளவு மூடி இதற்குப் போதும். இன்னொரு கணக்கும் மனசில் இருக்கட்டும்: 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர். 50 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 1 செ.மீ. பெய்தால் 500 லிட்டர். அதைக் கிணற்றுக்கு அனுப்புகிறீர்களா, சாக்கடைக்கா என்பது உங்கள் பாடு.

வைக்கிற இடம் முக்கியம். பக்கத்துச் சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதுபோல் இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். முருங்கை மரத்தடியில் வைத்தால் முருங்கை எவ்வளவு சொட்டியது என்றுதான் தெரியும். தினமும் காலை 8.30க்கு அளங்கள். இந்திய வானிலைத் துறையின் 24 மணி நேரக் கணக்கு அப்போதுதான் முடிகிறது. அந்த நேரத்தில் அளந்தால்தான் உங்கள் எண்ணை அவர்கள் எண்ணோடு வைத்துப் பார்க்கலாம். டிவியில் சொல்கிற வார்த்தைகளுக்கும் கணக்கு உண்டு. 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 115.6க்கு மேல் மிக கனமழை, 204.5 தாண்டினால் அதி கனமழை.

இனி மாசு. ஐப்பசியில் முதல் மழைத் தண்ணீரை ஒரு வெள்ளை வேட்டித் துண்டில் வடிகட்டுங்கள். மூன்றாம் நாள் தொடர்மழையை இன்னொரு துண்டில். இரண்டையும் கொடியில் பக்கத்தில் பக்கத்தில் காயப் போட்டுப் பாருங்கள். முதல் துணியில் இருக்கிற கறுப்பு, நேற்றுவரை நாம் மூச்சில் இழுத்தது. அதுவும் துணியில் தங்குகிற பெரிய துகள்தான், 2.5 மைக்ரோமீட்டருக்குக் குறைந்தவை நூலிடையே நழுவிவிடும், நுரையீரலில் ஆழமாக இறங்குபவையும் அவையே.

மீன்தொட்டிச் சாமான் கடையில் பி.ஹெச். தாள் கிடைக்கும். தண்ணீர் அமிலமா காரமா என்று அது காட்டும்: 7 என்றால் நடுநிலை, குறையக் குறைய அமிலம். சுத்தமான மழைத்தண்ணீர் 7 காட்டும் என்று எதிர்பார்ப்போம். காட்டாது. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு கரைவதால் இயல்பாகவே 5.6 அளவில் லேசான அமிலம். நிலக்கரி எரிவதில் வருகிற கந்தக டை ஆக்சைடு கலந்தால் இன்னும் இறங்கும். ஆனால் நம் பக்கத்து முதல் மழை பல சமயம் 6க்கு மேலேயே நிற்கும். சுண்ணாம்புச் சத்துள்ள மண்தூசி அமிலத்தை அடக்கிவிடுகிறது. ஒரு அழுக்கு இன்னொரு அழுக்கை மறைக்கிறது, அவ்வளவுதான்.

பிள்ளைகள் குழப்புகிற முடிச்சை இங்கேதான் அவிழ்ப்பேன். ஒரே புகைபோக்கியிலிருந்து தூசியும் வருகிறது, கார்பன் டை ஆக்சைடும் வருகிறது. தூசியும் கந்தகமும் சில நாளில், மிஞ்சினால் சில வாரத்தில் கீழே வந்துவிடும். அதைத்தான் துணியில் பார்த்தோம். கார்பன் டை ஆக்சைடு துளியூண்டு மழையில் கரைந்தாலும் மழை அதைக் கழுவித் தள்ளிவிடாது. கடலும் மரங்களும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி நூற்றாண்டுக் கணக்கில் மேலேயே கிடக்கும். ஆலைகள் வருமுன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்தது, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அது பூமியிலிருந்து எழும் வெப்பத்தை வெளியே விடாமல் பிடித்துவைக்கிறது. வானம் பளிச்சென்று நீலமாக இருக்கிற நாளிலும் அதே வேலைதான். ஓசோன் ஓட்டை வேறு கதை. அதில் குற்றவாளி பழைய ஃபிரிஜ், ஏசி வாயுக்கள்.

நோட்டில் தேதி, மி.மீ., துணியின் நிறம் என்று மூன்று கட்டம் போடுங்கள். பெய்யாத நாளுக்கு 0 எழுதுங்கள், காலியாக விடாதீர்கள். பூஜ்யம் என்றால் பார்த்தேன், பெய்யவில்லை. காலி என்றால் பார்க்கவே இல்லை. ஒரு நாள் மழை வானிலை. காலநிலை என்று பேச 30 வருஷக் கணக்கு வேண்டும்.

என் நோட்டில் 2023 டிசம்பர் 18 காலியாகத்தான் இருக்கிறது. முந்தின நாள் ஞாயிறு காலை அளந்து கொட்டிவிட்டு, பாட்டிலைத் திரும்ப வைத்தேன். இருட்டுவதற்குள் நிரம்பிவிட்டது, ராத்திரி கரண்டும் போனது. விடிந்தபோது பாட்டிலைக் காணோம், அதற்கு முட்டுக்கொடுத்த செங்கல்லும் தண்ணீருக்குள். அந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. என்று பிறகு தெரிந்தது. எங்கள் மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்வதே 70 செ.மீ.க்குக் குறைவு. குமரிக்கடல் பக்கம் நின்ற காற்றுச் சுழற்சி கொண்டுவந்த மழை அது. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், ஆகவே கொட்டும்போது கூடுதலாகக் கொட்ட வழியிருக்கிறது. அதற்காக அந்த மழை முழுவதும் வெப்பமாதலால் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அப்பா இருந்திருந்தால் "அதுல எவ்வளவு?" என்று கேட்டிருப்பார்.

இப்போது பாட்டிலை ஒரு பெயின்ட் வாளிக்குள் இறுக்கமாக நிறுத்தி, சுற்றி ஜல்லி போட்டு வைத்திருக்கிறேன். வாளியைக் கம்பத்தோடு கட்டியும் விட்டேன். பாட்டில் வாய் வாளி விளிம்புக்குச் சற்று மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் வாளியில் பட்டுத் தெறிக்கும் தண்ணீரும் கணக்கில் சேர்ந்துவிடும்.